லோகநாதனுக்குக் கோபம் வரவேண்டும்

தமீமின் அடையாள அட்டையில் 'சிக்னல்மேன்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். கம்பெனிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருடைய உண்மையான வேலை, தினமும் காலையில் லோகநாதனுக்குக் கோபம் வரவைப்பது. இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது. ஒருமுறை அம்மை போட்டு ராயபுரம் வீட்டில் வேப்பிலைக்கு நடுவே படுத்திருந்தபோதுகூட, போன் போட்டு லோகநாதனை இரண்டு வார்த்தை ஏசிவிட்டுத்தான் கஞ்சி குடித்தார்.

எந்த உணர்ச்சி மனிதனை உழைக்க வைக்கிறது, எந்த உணர்ச்சியில் அவன் சரியாக முடிவெடுக்கிறான் என்றெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் குளிரூட்டிய அரங்குகளில் உட்கார்ந்து, மதியம் பனீர் சாப்பிட்டு, மாலை வரை விவாதிக்கிறார்கள். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே இருக்கிற அந்தக் கன்டெய்னர் யார்டில் யாருக்கும் அவ்வளவு சிரமம் இல்லை. அங்கே கேள்வி ஒன்றுதான். லோகுவுக்கு ஏறிச்சா, ஏறலையா?

லோகநாதன் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து வருகிறவர். யார்டில் ஸ்டேக்கர் ஓட்டுகிறார். ஸ்டேக்கர் என்பது யானைக்குத் தும்பிக்கை முதுகில் முளைத்தது மாதிரி ஒரு வண்டி. தும்பிக்கை நுனியில் ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். அதன் நான்கு மூலைகளும் கன்டெய்னரின் கூரையிலிருக்கும் நான்கு துளைகளிலும் ஒரே சமயத்தில் விழவேண்டும். பிறகு தூக்கிக்கொண்டுபோய் வேறொரு கன்டெய்னரின் தலையில் மூலைக்கு மூலை பொருந்தும்படி உட்கார்த்த வேண்டும். கீழே நின்று கையாலும் வாக்கி-டாக்கியாலும் வழி சொல்கிறவர் தமீம்.

சந்தோஷமாக இருந்தால் லோகநாதன் பாட்டு முணுமுணுப்பார். கன்டெய்னர் ஒரு சாண் தள்ளி இறங்கி, 'டங்' என்று யார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி இடிக்கும். கோபமாக இருந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும், காது மடல் சிவக்கும், கண் இடுங்கும். அப்போது கன்டெய்னர் இறங்குவது, தூங்குகிற குழந்தையைப் பாயில் போடுவதுபோல இருக்கும். இந்தப் பேருண்மையை யாரும் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. டீக்கடையில் ஒருநாள் டிரெய்லர் டிரைவர் திலீப், "ண்ணா, நீ கேரம் ஆடுறத வுட்டுட்டு பல்லாங்குழி ஆடு, வயசுக்கும் நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். பாதி டீயை வைத்துவிட்டு ஏறிப்போன லோகநாதன் அன்று சாயங்காலம் வரை ஒரு 'டங்' கூடப் போடவில்லை. திலீப் அதைக் கவனிக்கவில்லை. தமீம் கவனித்தார். முப்பது டன் இரும்பு தன் பக்கத்தில் இறங்கும்போது மனிதனுக்கு ஆராய்ச்சி மனப்பான்மை தானாக வந்துவிடுகிறது.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் உசுப்பு டூட்டி.

அதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. பெண்டாட்டி, பிள்ளை, பிறப்பு, சாமி, தலைவர்கள், இந்தப் பக்கமே போகக்கூடாது. மீறினால் கோபம் வராது, வருத்தம் வரும். வருத்தப்பட்ட லோகநாதன் சந்தோஷமான லோகநாதனைவிட ஆபத்து. ஆக மிச்சமிருந்தது பெரும்பாலும் கேரம்தான், நடுநடுவே மீசைக்குப் போடும் மை. லோகநாதனுக்குக் கேரம் என்றால் உயிர். கேரத்துக்கு அவர்மேல் அப்படி ஒன்றுமில்லை. சிவப்புக் காயினைக் குழியில் போட்டால் அடுத்த அடியிலேயே இன்னொரு காயினையும் போட்டாக வேண்டும். அதற்கு ஃபாலோ என்று பெயர். போடாவிட்டால் ரெட்டு திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு சிரிக்கும். இருபது வருஷமாக லோகநாதனைப் பார்த்து அது சிரித்துக்கொண்டே இருந்தது.

அளவும் முக்கியம். கம்மியாகப் போட்டால் பத்து மணிக்கே பாட்டு ஆரம்பித்துவிடும். ஒருமுறை திலீப் ஆர்வத்தில் கொஞ்சம் கூடப் போட்டுவிட்டார். லோகநாதன் மதியச் சாப்பாடு வரை வண்டியில் ஏறாமல், காம்பவுண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதோடு திலீப்பின் கையிலிருந்து அந்தப் பொறுப்பு பறிக்கப்பட்டு, நிரந்தரமாகத் தமீமிடம் வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமீமுக்கு ஏசவே வராது. வீட்டு வாசலில் குறுக்கே படுத்திருக்கும் பூனையைக்கூட "கொஞ்சம் நகந்துக்கம்மா" என்று கேட்டுவிட்டுத் தாண்டுகிறவர். ஏச்சு வீட்டிலிருந்து வந்தது. அவர் மனைவி பதுருன்னிசா தையல் வேலை செய்கிறவள். ஊசியோடு பழகிய வாய். காலையில் மகளுக்கு ஒரு டப்பா, கணவனுக்கு ஒரு டப்பா கட்டிக்கொண்டே, லோகநாதனுக்கும் ஒன்று கட்டிக் கொடுப்பாள்.

"இன்னிக்கு இத்த சொல்லுங்க. 'ண்ணா, உன் கேரம் போர்டு என் கனவுல வந்து அழுவுது. இன்னாமான்னு கேட்டேன். ரெட்டு குழில போவுது, ஃபாலோ மட்டும் பக்கத்து தெருவுக்குப் போவுது, என்ன வேற யாருக்காவது வித்துடச் சொல்லுன்னுது.'"

"கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல?"

"பாதி டப்பாதான் கட்டிக்கீறேன். மீதி நாளைக்கு."

தமீம் அதைப் பைக்கில் மனப்பாடம் செய்தபடி வருவார். டீக்கடையில் ஒப்பிப்பார். லோகநாதன் கிளாசைக் கீழே வைப்பார். பிறகு நாள் முழுக்க நிம்மதி. வாக்கி-டாக்கியில் தமீம் "ண்ணா, கொஞ்சம் லெப்டு" என்றால், மேலேயிருந்து ஒரே பதில்தான் வரும்.

"மூடிகினு கைய மட்டும் காட்டு."

அந்தப் பதில் வந்தால் தமீம் உள்ளுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொள்வார். இன்றைக்கும் வீட்டுக்குப் போகலாம்.

இப்படி இயற்கையோடு இசைந்து போய்க்கொண்டிருந்த யார்டுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேரிடர்கள் வந்தன.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமை புளியந்தோப்பில் நடந்த தெருக் கேரம் போட்டியில் லோகநாதன் ஜெயித்துவிட்டார். அதுவும் இறுதி ஆட்டத்தில், மனைவி ரமாபாயின் தம்பி நிலவனை, அவன் சேக்காளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ரெட்டு போட்டார், ஃபாலோவும் போட்டார். அந்தக் காயின் எப்படிக் குழிக்குள் போயிற்று என்று நிலவன் இன்றுவரை குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. முழங்கால் உயரத்துக்கு ஒரு தங்க நிறக் கப்பு கொடுத்தார்கள்.

இரண்டாவது, திங்கட்கிழமை முதல் யார்டில் மகிழ்ச்சி வாரம்.

தலைமை அலுவலகத்தில் யாரோ, மகிழ்ச்சியான தொழிலாளி நன்றாக உழைப்பான் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கேட்டவர் லோகநாதனைப் பார்த்ததில்லை. மனிதவளப் பிரிவின் மோகனப்ரியா கேட்டருகே நின்று மைக்கில் விதிகளை வாசித்தாள். எல்லோரும் சிரித்த முகமாக இருக்க வேண்டும். தினமும் ஒருவர் இன்னொருவரைப் பாராட்ட வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். கேலி, கிண்டல், பட்டப்பெயர் கூடாது. மீறினால் சஸ்பெண்டு. கடைசி விதியைக் கேட்டதும் தமீமுக்கு முகம் வெளுத்தது. பிறகு ஒரு பயிற்சியாளர் வந்து, ஹெல்மெட் போட்ட அறுபது பேரையும் வரிசையில் நிற்கவைத்து, கையைத் தூக்கி "ஹா ஹா, ஹோ ஹோ" என்று சிரிக்கச் சொன்னார். வெளியே சாலையில் வரிசையாக நின்ற டிரெய்லர்கள் ஹாரன் அடித்தன. முன்வரிசையில் லோகநாதன் மட்டும் நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை டீக்கடையில், விதிகளை வாசிப்பதற்கு முன்னாலேயே, தமீம் தன் கடமையைச் செய்துதான் இருந்தார். மீதி டப்பாவைத் திறந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். லோகநாதன் அவர் தோளில் கைபோட்டு, "சொல்லு நைனா, நல்லா சொல்லு. கப்பு அட்ச்சவன் காதுல எல்லாம் பாட்டாதான் கேக்குது" என்று சொல்லிவிட்டு, கடையிலிருந்த எல்லோருக்கும் டீ சொன்னார்.

முதல் கன்டெய்னர் 'டங்' என்று இடித்தது.

"சாரி நைனா" என்றது வாக்கி-டாக்கி.

தமீம் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. "ண்ணா, லெப்டு" என்றால், "லெப்டா? சரி நைனா. பதுரு தங்கச்சி சௌக்கியமா? பாப்பாவுக்கு பரீட்ச முட்ஞ்சுதா?" என்று விசாரித்துக்கொண்டே கன்டெய்னரை ரைட்டில் இறக்கினார். செவ்வாய்க்கிழமை திலீப்பின் டிரெய்லர் கண்ணாடியைத் தும்பிக்கை நுனி தட்டிவிட்டுப் போனது. திலீப் கொதித்துப்போய் இறங்கினார். விதி ஞாபகம் வந்து, சிரித்த முகத்தோடு உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினார்.

அன்று மாலை யார்டு மேனேஜர் லோகநாதனையும் தமீமையும் கூப்பிட்டார். புதிதாக வரப்போகும் கப்பல் கம்பெனி ஓர் ஆய்வாளரை அனுப்புகிறது. வியாழக்கிழமை ஆப்பரேட்டர்களுக்குப் பரீட்சை. ஓர் இடி இடித்தாலும் ஃபெயில். ஃபெயிலானால் வண்டியிலிருந்து இறங்கி கேட் டூட்டி. அந்த இடத்துக்கு ஏஜென்சியிலிருந்து புது ஆள்.

லோகநாதன் வெளியே வந்ததும் சிரித்தார். "கேட்டுன்னா இன்னா, நிழல்ல குந்தினு போறவன் வர்றவன பாத்துகினு இருக்கலாம். காத்தும் வரும்."

கப்பு வாங்கிய மனிதரைப் பயமுறுத்தவும் முடியவில்லை.

தமீமுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கேட்டில் பிகில் ஊதிக்கொண்டு, மூங்கில் தடுப்பைத் தூக்கி இறக்கிக்கொண்டு நிற்கும் லோகநாதனை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சந்தோஷம் வடிந்து ஒருநாள் காலை லோகநாதனே அதைப் பார்ப்பார். அன்றைக்கு வரப்போவது கோபமாக இருக்காது. இன்னொரு கவலை சொந்தக் கவலை. ஏஜென்சியிலிருந்து வருகிற புது ஆளுக்கு எந்த உணர்ச்சியில் கை நேராக நிற்கும்? பயத்திலா, பசியிலா, காதலிலா? அதைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் தமீம் உயிரோடு இருக்க வேண்டும்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவர் மோகனப்ரியாவின் அறைக் கதவைத் தட்டினார். மேசைமேல் மஞ்சள் பலூன் ஒன்று கட்டியிருந்தது.

"மேடம், ஒரு பர்மிசன் வேணும்."

"சொல்லுங்க பாய்."

"லோகுண்ணன ஒரே ஒரு தபா திட்டிக்கிறேன்."

மோகனப்ரியா பேனாவை வைத்தாள். "ஏன், ஏதாவது சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல மேடம். தங்கமான மன்சன். அதுக்குத்தான்."

பிறகு தமீம் எல்லாவற்றையும் சொன்னார். டங், பாட்டு, காது மடல், டப்பா, பதுருன்னிசா, பல்லாங்குழி, கப்பு. மோகனப்ரியா நடுவில் சிரிக்கவில்லை. மகிழ்ச்சி வாரத்தில் அந்த யார்டிலேயே சிரிக்காமல் ஒருவர் சொல்வதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"எங்கம்மா முகத்துவாரக்குப்பத்துல மீன் விக்கிறாங்க பாய்" என்றாள், அலுவலகத் தமிழைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு. "சும்மா கேட்டா சும்மா வெட்டிக் குடுப்பாங்க, முள்ளும் செதிலுமா. யாராவது வந்து 'இன்னாம்மா, நேத்து மீனா'ன்னு கேட்டுட்டா போதும். அப்பால அவங்க கத்தி போற போக்க பாக்கணும். ஒரு செதில் இருக்காது. நானே சின்ன வயசுல ஆளு செட் பண்ணி கேக்க வெச்சிருக்கேன்."

தமீமுக்குப் போன உயிர் பாதி வந்தது. "அப்ப பர்மிசன் மேடம்?"

"முடியாது. திட்டினா சஸ்பெண்டு, அது மேலேர்ந்து வந்த ஆர்டர்." பலூனை ஒரு தட்டு தட்டினாள். "நாளைக்கு பரீட்சைக்கு முன்னாடி பாராட்டு நேரம் இருக்குல்ல? அத நான் பாத்துக்குறேன். நீங்க போயி சாப்டுங்க."

பாராட்டிக் கெடுக்கப் போகிறாள் என்றுதான் தமீம் நினைத்தார். ஏற்கெனவே சந்தோஷத்தில் மிதக்கிற மனிதரைப் பாராட்டவும் செய்தால், ஸ்டேக்கரை ஓட்டிக்கொண்டே கடலுக்குள் போய்விடுவார்.

வியாழக்கிழமை காலை பதுருன்னிசா தன் ஆயுதக் கிடங்கையே காலி செய்து கொடுத்தனுப்பினாள். சஸ்பெண்டானாலும் பரவாயில்லை என்று தமீம் டீக்கடை மூலையில் லோகநாதனை ஒதுக்கிக்கொண்டுபோய், மீசை மையில் தொடங்கி, நிலவன் மாமனுக்குப் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்திருப்பான் என்பது வரை எல்லாவற்றையும் இறக்கினார். கடைசியில் மூச்சு வாங்கியது.

லோகநாதன் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "இன்னா நைனா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? வேர்த்து ஊத்துது. டென்சன் ஆவாத. பரீட்ச எனக்குதானே."

தமீம் தோற்றுப்போனார்.

ஆய்வாளர் வந்துவிட்டிருந்தார். ஒல்லியான மனிதர். குடை பிடித்துக்கொண்டு நின்றார். உலகத்தில் எதுவும் அவரை வியக்க வைக்காது என்று முகத்தில் எழுதியிருந்தது. அறுபது ஹெல்மெட்டுகள் வரிசையில் நின்றன. மோகனப்ரியா மைக்கைப் பிடித்தாள்.

"இன்னைக்கு நான் பாராட்டப்போறது தமீம் பாயை. நம்ம லோகநாதன் அண்ணனோட வேலைத்திறனுக்குப் பின்னாடி ஒரு பெரிய உழைப்பு இருக்கு. கோபம் வந்தா அண்ணனுக்குக் கை நேரா நிக்கும்னு பாய் கண்டுபிடிச்சிருக்காரு. அதனால தினம் காலைல டீக்கடையில அண்ணனை வேணும்னே கோபப்படுத்தி, அப்புறமா வண்டியில ஏத்தி விடுறாரு. இத்தனை வருஷமா, ஒருநாள் விடாம. அதுக்கான வசனங்களை அவரோட துணைவியார் வீட்ல யோசிச்சு, சாப்பாட்டோட சேத்துக் குடுத்து அனுப்புறாங்க. அளவுகூடப் பாத்துத்தான் குடுக்குறாங்களாம். சக ஊழியர் மேல இப்படி ஒரு அக்கறையை நான் எங்கயும் பாத்ததில்ல. எல்லாரும் கைதட்டுங்க."

விதிப்படி எல்லோரும் கைதட்டினார்கள். திலீப் பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

தன்னைத்தான் பாராட்டப்போகிறாள் என்று முதல் வாக்கியத்தில் மலர்ந்த லோகநாதனின் முகம், அப்படியே நின்றது. பல் தெரிந்துகொண்டிருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை. அவர் தமீமைப் பார்த்தார். தமீம் தன் ஷூவைப் பார்த்தார்.

"டப்பால கட்டி குட்த்தனுப்புறாங்களா?" என்று கேட்டார் லோகநாதன். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

"ண்ணா..."

"பல்லாங்குழி?"

"அது மட்டும் திலீப்பு தானா சொன்னது ண்ணா. மத்ததெல்லாம்..."

"கனவுல போர்டு வந்து அழுதுச்சே?"

அதுவும் டப்பாதான் என்று தமீம் தலையசைத்தார். இருபது வருஷத் தோல்விகளும் ஒரே கப்பில் கரைந்துபோயிருந்த அந்த மனிதருக்கு, தான் பட்ட கோபம்கூடத் தன்னுடையது இல்லை, அது ராயபுரத்தில் தயாராகி டப்பாவில் வந்த சரக்கு என்று தெரிந்தபோது, இடது காது மடல் முதலில் சிவந்தது, பிறகு வலது. உதடு ஒட்டியது. கண் இடுங்கியது. திரும்பி நடந்து வண்டியில் ஏறினார்.

தமீம் தன் இடத்தில் போய் நின்றார். கன்டெய்னரை டிரெய்லரிலிருந்து எடுத்து, இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலிருக்கும் இடுக்கில், மூன்றாவது மட்டத்தில் வைக்க வேண்டும். அந்த இடுக்கைக் கப்பல் கம்பெனி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருந்தது. காற்று போகவே யோசிக்கும்.

தும்பிக்கை நீண்டது. நான்கு மூலைகளும் நான்கு துளைகளில் ஒரே மூச்சில் விழுந்தன. கன்டெய்னர் எழுந்தது. தமீம் கையைக் காட்டினார். "லெப்டு" என்று சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமலே மூடிக்கொண்டார். தேவைப்படவில்லை. மேலேயிருந்தும் ஒரு சத்தம் இல்லை. இடுக்கின் இரண்டு பக்கமும் சமமாகக் கோடு விட்டபடி இரும்பு மேலே போய், ஒரு கணம் நின்று, இறங்கியது.

'டப்'. அவ்வளவுதான். மரக்கதவைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் சாத்தினால் வருகிற சத்தம்.

திரும்ப எடுத்தார், கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். ஆய்வாளர் குடையை மடக்கினார். அவரைப் பொறுத்தவரை அது எழுந்து நின்று கைதட்டியதற்குச் சமம். "பாஸ்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

தமீம் பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். கேட்டு இல்லை, பிகில் இல்லை, ஏஜென்சி ஆள் இல்லை. ஆனால் கீழே இறங்கிய லோகநாதன், அந்த டயரையும் அதன்மேல் உட்கார்ந்திருந்தவரையும் பார்க்காத மாதிரியே தாண்டிப் போனார். சாப்பாட்டு நேரத்தில் தனியாகச் சாப்பிட்டார். மாலை வரை வாக்கி-டாக்கியில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. மூடு என்றாவது சொல்லலாம். அதுவும் சொல்லவில்லை.

மோகனப்ரியா வீட்டுக்குக் கிளம்பும்போது வண்டியைத் தமீமருகே நிறுத்தினாள்.

"நான் யாரையும் திட்டல பாய். பாராட்டினேன். ரிப்போர்ட்ல, மகிழ்ச்சி வாரத்தால ஆப்பரேட்டர் பாஸுன்னு எழுதியாச்சு."

"பேச மாட்டேங்குறாரு மேடம்."

"எங்கம்மாவும் பேச மாட்டாங்க, நான் செட் பண்ணது தெரிஞ்ச அன்னைக்கு" என்றாள். "மறுநாள் மீன் வெட்டணுமே, பேசித்தானே ஆவணும்."

வீட்டில் தமீம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "அவ்ளோதான் பதுரு. ஆளுக்குத் தெரிஞ்சிபோச்சு. இனிமே நீ இன்னா கட்டிக் குட்த்தாலும் ஏறாது. செட்டப்புன்னு தெரிஞ்சப்பறம் எவனுக்காவது கோவம் வருமா?"

பதுருன்னிசா வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். "தினம் சோத்துல கைவெச்ச ஒடனே நீங்க இன்னா சொல்லுவீங்க?"

"உப்பு கம்மி."

"சொல்லப்போறீங்கன்னு எனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எனக்கு ஏறுதா, இல்லையா?"

தமீம் யோசித்துப் பார்த்தார். ஏறுகிறது. கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள்கூடத் தவறாமல் ஏறுகிறது.

"அப்பறம் இன்னா" என்று சொல்லிவிட்டு அவள் லோகநாதனின் மனைவி ரமாபாய்க்குப் போன் போட்டாள். வருஷா வருஷம் ரம்ஜான் பிரியாணி கொடுத்தனுப்பியதில் இருவருக்கும் ஏற்பட்ட சிநேகம். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் பேசினாள். நடுவில் ஒருமுறை, "மெய்யாலுமா அண்ணி, அதுலயா?" என்று கேட்டது தமீமின் காதில் விழுந்தது. வெளியே வந்தபோது அவள் முகத்தில், நல்ல துணி மலிவாகக் கிடைத்துவிட்ட தையல்காரியின் அமைதி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தமீம் டீக்கடைக்குக் கொஞ்சம் தள்ளியே பைக்கை நிறுத்தினார். லோகநாதன் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் டீ இருந்தது. குடிக்கவில்லை. ஆடை படிந்திருந்தது. திலீப் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, ரொம்ப முக்கியமான விஷயம்போல பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமீம் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் நின்றார். சாலையில் நான்கு டிரெய்லர் போயிருக்கும்.

"இன்னாடா" என்றார் லோகநாதன், சாலையைப் பார்த்துக்கொண்டே. "டைம் ஆவல?"

"இன்னாண்ணா?"

"நிக்கிற, பாக்குற, சும்மா கீற. ஏழ்ரைக்கு வண்டில ஏறணும். நேத்து வூட்டுக்குப் போயி தூங்கல நானு. பத்து வருசமா நம்மள ஏமாத்திகினு இருந்தானேன்னு ரமா கிட்ட சொன்னா, அவ இன்னா சொல்றா தெரியுமா? 'உன்ன பாக்காம இருக்கத்தான் நம்ம வூட்டு புத்தரே கண்ண மூடிகினு கீறாரு, அவன் தினம் வந்து எதுக்க நின்னு திட்டிக்கீறான், அவனுக்கு நீ தாங்க்ஸு சொல்லு'ன்றா." டீயைச் சுழற்றினார். "ஏறி குந்தினா கை ஆடும்டா. எனக்கே தெரியுது. இன்னா கட்டி குட்த்தா உம் பொண்டாட்டி? சொல்லு."

"மகிழ்ச்சி வாரம் இன்னிக்கு வரைக்கும் கீதுண்ணா. சஸ்பெண்டு..."

"கேட்டுக்கு அந்தப் பக்கம்தானே அதெல்லாம். இது டீக்கட."

தமீம் தொண்டையைச் செருமிக்கொண்டார். வழக்கம்போலக் கண்ணை மூடி, முதல் வார்த்தையை ஞாபகப்படுத்திக்கொண்டார்.

"ண்ணா, அந்தக் கப்ப வூட்ல எங்க வெச்சிக்கீற?"

"டி.வி. பக்கத்துல. ஏன்?"

"இல்ல, ஞாயித்துக்கெழம அங்க இருந்துச்சு. இப்ப அடுப்பாண்ட கீதாம். உள்ள பூண்டு போட்டு வெச்சிருக்காங்களாம் அண்ணி. நல்லா காத்தோட்டமா கீதாம், மொள வராதாம். நிலவன் வந்து பாத்துட்டு, 'பரவாயில்ல, மாமா போட்டது ரெட்டு, அக்கா போட்ட பூண்டுதான் ஃபாலோ'ன்னு சொல்லிட்டு ரெண்டு பல்லு எடுத்துகினு போயிருக்கான்."

லோகநாதன் டீயைச் சுழற்றுவதை நிறுத்தினார்.

"பூண்டா?" என்றார் லோகநாதன்.

"மலப்பூண்டு."

இடது காது மடல் சிவந்தது. தமீம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறை பார்க்கிறவர்கள் மொட்டைமாடியில் நிற்பதுபோல நின்றார். வலது காதும் சிவந்தது. லோகநாதன் ஆடை படிந்த கிளாசை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி கேட்டைப் பார்த்து நடந்தார். "ஏ ரமா, அந்தக் கப்புல இன்னாடி வெச்சிக்கீற" என்று அவர் கேட்டது பாதி தூரம் வரை தெளிவாகக் கேட்டது.

திலீப் பிஸ்கட்டை வாயில் போட்டார். "ஜாஸ்தியா போட்டுட்டியோ?"

"தெரியல" என்றார் தமீம். "சரியாத்தான் இருக்கும். அளவு பாத்துதான் குட்த்தா."

கேட்டருகே பயிற்சியாளர் கடைசி நாள் சிரிப்புக்கு ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார். லோகநாதன் அவரை இடித்துக்கொண்டு உள்ளே போனார்.

முதல் கன்டெய்னர் எழுந்து காலை வெயிலில் திரும்பியது. தமீம் தன் இடத்தில் நின்று கையைத் தூக்கினார். அது நேராகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒன்றும் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"ண்ணா, கொஞ்சம் லெப்டு."

ஒரு கணம் கரகரவென்று காற்று இரைந்தது.

"மூடிகினு கைய மட்டும் காட்டு."

தமீம் மூடிக்கொண்டு கையைக் காட்டினார்.